சுவர்ப் பக்கத்துப் புட்டி

எனக்குச் சிவப்பு தெரியாது. இதைச் சொன்னதும் ஆட்கள் தங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, "இது என்ன கலர், சொல்லு பாப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அறுபத்து மூன்று வயதில் அந்த விளையாட்டுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். அரக்கு, காப்பிக்கொட்டை, பாசிப்பச்சை மூன்றும் எனக்கு ஒன்றுதான். வாலிபத்தில் ரயில்வே வேலைக்கு எழுத்துத் தேர்வெல்லாம் தேறி, கடைசியில் டாக்டர் நீட்டிய புள்ளிப் புத்தகத்தில் தோற்றேன். மற்றவர்கள் அந்தப் புள்ளிகளுக்குள் ஏதோ ஓர் எண்ணைப் பார்த்தார்களாம். நான் புள்ளிகளைப் பார்த்தேன். அப்புறம் பம்பாய் வடாலாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க்காக உட்கார்ந்து, கறுப்பு மையில் எழுதியே ரிட்டையர் ஆனேன்.

இப்படிப்பட்டவன் பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் அடிக்கப் போனது என் மனைவியின் தைரியத்தில்.

அவள் மாட்டுங்காவில் ஒரு புடவைக் கடையில் இருபது வருஷம் நின்றவள். வாடிக்கைக்காரி சேலையைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதற்கு ஏற்ற ப்ளவுஸ் துணி மேஜைமேல் விழுந்திருக்கும். கல்யாணமான புதிதில் நான் அரக்கு என்று நினைத்து ஆசையாக வாங்கி வந்த கிறிஸ்துமஸ் சேலையைப் பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "காப்பித்தூள் பொட்டலம் மாரி இருக்கு" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பூசைக்கு வந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சட்டை எடுப்பது, தக்காளி பொறுக்குவது எல்லாம் அவள் பாடு.

சிப்பாய்கள் வந்தது தாராவி தேரா கம்பவுண்டிலிருந்து. அங்கே பிளாஸ்டிக் கழிவைப் பிரித்து அரைக்கும் கடை வைத்திருக்கும் பாய், கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர், எனக்குப் பல வருஷச் சிநேகிதம். எங்கிருந்தோ வரும் மூட்டைகளில் வாளி மூடி, பேனாக் கூடு, உடைந்த நாற்காலி எல்லாம் இருக்கும். ஒருநாள் கிரைண்டரில் கொட்டப்போன கூடையில் கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள் கிடந்தார்கள். துப்பாக்கியும் முதுகு மூட்டையுமாக, ஒருத்தனுக்கும் வர்ணம் இல்லை. "எடுத்துட்டுப் போங்க, அரைச்சா ஒரு பிடி தூளுகூடத் தேறாது" என்றார் பாய். எடுத்து வந்தேன். அது டிசம்பர் மாதம். லேபர் கேம்பில் எங்கள் சந்தில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவின் அரண்மனையை அட்டையில் செய்திருந்தார்கள். வாசலில் காவலுக்கு ஆள் இல்லை. என் மனைவி நகப்பூச்சும் மகளின் பள்ளிக்கூட வர்ணப் பெட்டியுமாக உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்குச் சிவப்புக் கோட்டு மாட்டி அங்கே நிறுத்திவிட்டாள்.

குடிலை மந்திரிக்க வந்த ஃபாதர் குனிந்து பார்த்துவிட்டு, "இது வெள்ளைக்காரன் பட்டாளமால்லா இருக்கு?" என்றார்.

"பட்டாளத்துக்காரன் யாரு சம்பளம் குடுத்தாலும் நிப்பான் ஃபாதர்" என்றாள் இவள்.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு பட்டாளம் என்று வழக்கமாகிவிட்டது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. முழுக்க முழுக்கப் பழைய காலத்துப் படைகளின் உடுப்புப் படங்கள். எழுத்து எந்த தேசத்து மொழியோ, எங்களுக்கு ஓர் எழுத்துப் புரியாது. எனக்குப் படமும் பாதிதான். மனைவி மடியில் விரித்து வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்வாள். "இவன் கோட்டு மயில் கழுத்து. காலரும் கைப்பட்டையும் வெங்காயத் தோலு. பொத்தான் பித்தளை. இந்தக் குதிரைக்காரன் மாப்பிள்ளை மாரி வெள்ளி ஜரிகை வச்சிருக்கான், சண்டைக்குப் போற மூஞ்சியா இது?" அவளுக்குக் கோட்டு என்பது சேலை, காலரும் கைப்பட்டையும் ப்ளவுஸ். முரசு அடிக்கிறவனுக்கு மட்டும் நிறம் தலைகீழாக இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். மற்றவர்களுக்குச் சிவப்புக் கோட்டில் மஞ்சள் காலர் என்றால் அவனுக்கு மஞ்சள் கோட்டில் சிவப்புக் காலர். புகையில் ஆளை அடையாளம் தெரிவதற்காக இருக்கும் என்றேன். "ப்ளவுஸ் துணி மிஞ்சியிருக்கும்" என்றாள்.

அவள் நிறம் சொல்வாள், நான் அடிப்பேன். நடுங்காத கை எனக்கு, கண் அவளுக்கு. கடையில் வாங்கும் டப்பா நிறம் எதுவும் அவளுக்கு ஒத்துவராது. கலந்து கலந்து தானே நிறம் உண்டாக்கி, ஓமியோபதி மாத்திரை வரும் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி வைப்பாள். முப்பது நாற்பது புட்டி இருக்கும். ஒன்றிலும் பெயர் கிடையாது. "ஒரு சீட்டு ஒட்டேன்ட்டி, நானே எடுத்துக்கிடுவேம்லா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "என் கண்ணு இருக்கையில சீட்டு எதுக்கு?" என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டேன்.

போன வருஷம் அவள் தேர்ந்தெடுத்தது பழைய மெட்ராஸ் காலாட்படை; பெயர் நாங்களாக வைத்ததுதான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கறுத்த முகமும் செருப்புக் காலுமாக நாலு பேர் நின்றார்கள். "நம்ம ஊரு ஆளுவ. இத்தன வருஷமா எவன் எவனுக்கோ உடுப்புத் தச்சாச்சு, இவனுவள விட்டுட்டோமே" என்றாள். இருபத்து நாலு சிப்பாய், நாலு அணி. எல்லாருக்கும் சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. காலரும் கைப்பட்டையும் மட்டும் ஓர் அணிக்கு மாம்பழ மஞ்சள், ஓர் அணிக்கு ராமர் பச்சை, ஓர் அணிக்குச் சந்தனம், ஓர் அணிக்கு வெள்ளை. அந்தச் சிவப்புக்கு மட்டும் நாலு நாள் எடுத்துக்கொண்டாள். வெயிலில் நின்று வெளுத்த சிவப்பாக இருக்க வேண்டுமாம். எனக்கு அது என்னவென்றே தெரியாது. அவள் தலையை ஆட்டியபோது நானும் ஆட்டினேன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை. விடாத மழை. அவள் பச்சையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒருத்தனுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் வெளிச்சம் கொறஞ்சிட்டு" என்றாள்.

"மழைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். தலையைத் தூக்கவில்லை.

ஒரு கோட்டுக்கு எட்டுப் பொத்தான். ஊசி முனையில் மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். மூன்று பேருக்கு வைத்து முடித்தேன். அப்புறம் புட்டி உருளும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவள் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். வெளிச்சம் குறைந்தது என்று அவள் சொல்லி அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தை நான் மகளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் "எப்போது ஆரம்பித்தது" என்று கேட்டபோது, "இப்பதான்" என்று பொய் சொன்னேன்.

உயிரோடு வீட்டுக்கு வந்தாள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது, ஆனாலும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வாள். டாக்டர்கள் என்னென்னவோ விளக்கினார்கள். நான் மாத்திரைப் பெயர்களை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற காகிதங்களை ஃபைலோடு டிரங்குப் பெட்டியில் போட்டேன். எங்கள் அறையில் கட்டில் போட ஒரே இடம், சுவரோரம். எந்தப் பக்கம் தலை வைப்பது என்பதுதான் கேள்வி. விழுந்த கை அறையைப் பார்த்து இருந்தால் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்க வசதி என்று யோசித்து நானே முடிவு செய்தேன். அப்படியே படுக்க வைத்தோம். இடப்பக்கம் நான், வலப்பக்கம் சுவர்.

நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி" என்று கூப்பிட்டால் தலை சுவர்ப் பக்கமாக இன்னும் கொஞ்சம் திரும்பும். "அவுக எங்க?" என்பாள். அவுக என்றால் நான்தான், எங்கள் வீட்டில் வேறு யாரும் கிடையாது. "நான்தாம்ட்டி, இங்கதான் இருக்கேன்" என்பேன். சுவரைத் துழாவுவதுபோலப் பார்ப்பாள். குனிந்து முகம் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு அர்த்தம் ஒன்றுதான் தோன்றியது. கோபம். வெளிச்சம் குறைந்துவிட்டது என்று அவள் சொன்னபோது பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவனை அவள் மன்னிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனை வைத்துக்கொண்டு அவுக எங்க என்று கேட்பதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? முப்பத்தோரு வருஷத்தில் அவள் கோபங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது நியாயமான கோபம். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், வேறு வழி தெரியாமல், சிப்பாய்ப் பெட்டியை எடுத்தேன். அடிக்காத சிப்பாய் ஒருத்தனை அவள் நெஞ்சுமேல் நிறுத்தினேன். எனக்குச் சந்தேகமான இரண்டு புட்டிகளை ஒவ்வொரு கையிலும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்து, "கோட்டுக்கு எது?" என்றேன். அப்புறம் அவளுடைய நல்ல கை மெதுவாக எழுந்து ஒரு புட்டியைத் தொட்டது. "இது" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அழுதேன். என் பக்கம் திரும்பாவிட்டால் என்ன, புட்டியைத் தொட்டாளே. உள்ளே அவள் இருக்கிறாள், அந்தக் கண் இருக்கிறது, எழுந்து வருவாள் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். பாயிடம் சொன்னேன், ஃபாதரிடம் சொன்னேன், மகளுக்கு ஃபோனில் சொன்னேன். "அம்மா கலர் எல்லாம் சரியா எடுத்துக் குடுக்கா. இன்னும் ரெண்டு மாசத்துல பாரு." டிசம்பருக்குள் இருபத்து நாலு பேரையும் முடித்துக் குடிலில் நிறுத்துவது, அதைப் பார்க்க அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோவது. எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

தினமும் காலை பத்து மணிக்கு, ஜன்னலில் வெளிச்சம் விழும்போது, இரண்டு புட்டி. கோட்டுக்கு எது, காலருக்கு எது. அவள் தொடுவாள், நான் அடிப்பேன். ஒரு தடவைகூட அவள் தயங்கவில்லை. நோய்க்கு முன்பு ஒரு காலருக்கு மூன்று நாள் சண்டை போடுவாள். இப்போது கேட்டதும் தொட்டுவிடுகிறாளே என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டியவன், கண் தெளிந்துவருகிறது என்று சந்தோஷப்பட்டேன். சாப்பாடுதான் குறைந்துபோயிருந்தது. தட்டில் பாதியை எப்போதும் மிச்சம் வைத்தாள். வீணாகிறதே என்று நானே அதைத் தின்பேன்.

மகள் செம்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். அவள் வந்ததும் நான் மருந்து, மீன், காய்கறி என்று வெளியே கிளம்பிவிடுவேன், வாரத்தில் எனக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம் அதுதான். சிப்பாய்களைக் காகிதத்தில் சுற்றிச் செருப்புப் பெட்டியில் வைத்திருந்தேன். முடிந்த பிறகு காட்டலாம் என்று இருந்தேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு, குடிலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள். எனக்கும் பொறுக்கவில்லை. அன்று கடைக்குப் போகாமல், மகள் வந்து உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்து அவர்களை வரிசையாக ஜன்னல் திட்டில் நிறுத்தினேன்.

மகள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ப்பா, யே க்யா ஹை?"

"மெட்ராஸ் பட்டாளம். எல்லாம் அம்மா எடுத்துக் குடுத்த கலர்."

"எல்லாரும் ஒரே பட்டாளமா?"

"ஆமா, கோட்டு எல்லாம் சிவப்பு."

"சிவப்பு நாலஞ்சு பேருக்குத்தாம்ப்பா இருக்கு. இவனுக்குப் பச்ச. இவனுக்கு ப்ரவுன். இது என்ன, சாணி கலரு. இவனுக்குக் கோட்டும் காலரும் ஒரே பச்ச." அவள் குரல் இறங்கிவிட்டது. "அம்மாவா சொன்னா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு என்ன தெரியும், அம்மா கண்ணைவிட உன் கண் பெரிதா என்று கத்தினேன். மகள் புட்டிகளில் இரண்டை எடுத்துக்கொண்டுபோய் கட்டிலருகில் நின்று, என்னைப் போலவே இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தாள். "ம்மா, ரெட் எது?"

சுவர்ப் பக்கம் இருந்த புட்டியை என் மனைவி தொட்டாள். "இது."

மகள் கைகளை மாற்றிக்கொண்டாள். "ம்மா, ரெட் எது?"

மறுபடியும் சுவர்ப் பக்கத்துப் புட்டி. "இது."

ஆறு தடவை மாற்றினாள். ஆறு தடவையும் சுவர்ப் பக்கம். பிறகு இரண்டையும் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் மீதி இருந்த சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள். நடுவில் கோடு போட்டதுபோல வலப்பாதி காலியாக இருந்தது. அவள் தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பினாள். என் மனைவி கையை நீட்டி, மறுபாதிச் சோற்றையும் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பசியாகச் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து ஃபைலை எடுத்து மகள் படித்துச் சொன்னாள். இடப்பக்கம் இருக்கும் எதுவும் இவளுக்கு இல்லை. கண் பார்க்கும், மூளை எடுத்துக்கொள்ளாது. அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால்கூட வலப்பக்கம்தான் தேடுவாள். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எல்லாம் அதில் எழுதியிருந்தது, முதல் நாளிலிருந்து.

"ஒவ்வொரு வாரமும் அப்பா எங்கன்னு எங்கிட்ட கேப்பா. கடைக்குப் போயிருக்காகன்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றாள் மகள்.

நான் ஸ்டூலைப் பார்த்தேன். நாலு மாதம் அதில் உட்கார்ந்திருந்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு புட்டிதான் தெரிந்தது, அதைத் தொட்டாள். நான் அதைத் தேர்வு என்று நம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோபம் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபித்திருந்தால் கோபிக்க ஓர் ஆள் உள்ளே இருந்திருப்பாள்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக அவளைத் தூக்கித் தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றினோம். இப்போது இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் அறை. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கண்கள் ஜன்னலில் தொடங்கி, அலமாரியைத் தாண்டி, என்மேல் வந்து நின்றன. ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவை அவள் என்னைப் பார்த்தாள்.

"எப்ப வந்தீய?" என்றாள்.

"இப்பத்தாம்ட்டி" என்றேன்.

"சாப்ட்டீயளா?"

தலையை ஆட்டினேன். அவளுடைய பாதிச் சோற்றை நாலு மாதம் தின்றவன் வேறு என்ன சொல்வது?

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆசை விடவில்லை. இதுவரை அவளுக்கு ஒரு புட்டிதான் தெரிந்தது, இப்போது இரண்டும் தெரியுமே என்று நினைத்தேன். எது சிவப்பு, எது பச்சை என்று மகளிடம் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே கையில், அவளுடைய வலப்பக்கத்தில், வெளிச்சத்தில் பிடித்தேன். அடிக்காமல் மிச்சம் இருந்த ஐந்து பேரில் ஒருத்தனை எதிரில் நிறுத்தினேன். "மெட்ராஸ் காலாட்படை. கோட்டுக்கு எது?"

அவள் இரண்டு புட்டிகளையும் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், முதலில் ஒன்று, பிறகு மற்றது. சிப்பாயைப் பார்த்தாள்.

"எதுன்னா என்ன" என்றாள். "ஒங்களுக்குப் புடிச்சத அடிங்க."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினாள். ப்ளவுஸ் துணி ஓர் இழை மாறினால் வாடிக்கைக்காரியைக் கடை வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டவள் அவள்.

சாயங்காலம் போவதற்கு முன், மகள் எல்லாப் புட்டிகளையும் தரையில் பரப்பி, வெள்ளை டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது, இங்கிலீஷில்தான் எழுதினாள். வெயிலில் வெளுத்த அந்தச் சிவப்பில் வெறும் ரெட் என்று எழுதினாள். முப்பத்தெட்டுப் புட்டி. நான் தடுக்கவில்லை, ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். எது எந்த நிறம் என்று இனி நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.